பதினோரு முறை தள்ளிப்போட்ட நீலச் சீட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடம். கீழே பம்பு செட்டுக்கு வார்ப்படம் செய்யும் பட்டறை, மேலே நாங்கள். மொத்தம் ஆறு பேர். பாட்டுப் பதிவு செய்வதற்கான மென்பொருள் ஒன்றைப் பதினைந்து வருடமாகச் செய்துகொண்டிருக்கிறோம். இன்னும் செய்துகொண்டிருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் மென்பொருளை இதுவரை யாரும் செய்து முடித்ததில்லை. கீழே பட்டறையில் வார்ப்படம் ஆறியதும் லாரியில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். மாடி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டபடியே என் தலைமுடியில் பாதி போய்விட்டது.

முதலில் நான் அங்கே புரோகிராம் எழுதினேன். பிறகு, எழுதுவதைவிட அடுத்தவர் எழுதுவதைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் எனக்கு அதிகத் திறமை இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து என் வேலை முடிவெடுப்பது. வருடத்துக்கு நான்கு முறை புதிய பதிப்பு வரும். அதில் எதைப் புதிதாகச் சேர்ப்பது, எந்தக் கோளாறைச் சரிசெய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று நான்தான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை வெள்ளைப் பலகை முன்னால் நிற்போம். புதிய வசதிக்கு மஞ்சள் சீட்டு, பழைய கோளாறுக்கு நீலச் சீட்டு. பலகையின் வலது ஓரத்தில் ‘பிறகு’ என்று ஒரு கட்டம் இருந்தது. நீலச் சீட்டுகள் அங்கே குடும்பம் குட்டியோடு வசித்துவந்தன. சில சீட்டுகளின் கோந்து காய்ந்துபோய், மின்விசிறிக் காற்றில் தாமாகவே விழுந்துவிடும். அவற்றைத் தீர்ந்துபோன கோளாறுகளாக நான் எடுத்துக்கொள்வேன்.

மஞ்சள் எப்போதும் ஜெயித்ததற்குக் காரணம் இருந்தது. வீடியோவில் மென்பொருளை விமர்சிக்கிறவர்கள் புதிதாக என்ன வந்திருக்கிறது என்றுதான் கேட்பார்கள். போன முறை பாதியில் நின்று தொங்கிக்கொண்டிருந்தது இப்போது தொங்கவில்லை என்று காட்டினால் யார் பார்ப்பார்கள்? எங்கள் முதலாளி ஓய்வு நேரத்தில் கிட்டார் வாசிப்பவர். எங்களுக்கு ஓய்வு நேரமில்லாதபோதும் வாசிப்பார். அவர் ஒருமுறை கேட்டார்: “ரிப்பேர் பண்ணோம்னு விளம்பரம் போட்டா, அதுவரைக்கும் உடைஞ்சிருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததால் அது பெரிய தத்துவம் என்று எண்ணிக்கொண்டேன்.

இத்தனைக்கும் மேனாம்பேட்டில், நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுச் சங்கத்தில், மொட்டை மாடி ஒழுகலை முதலில் அடையுங்கள், வர்ணம் பூசுவதைப் பிறகு பார்க்கலாம் என்று மேசையைத் தட்டிப் பேசிவந்தவன் நான். அங்கே நான் புரட்சிக்காரன். காலை ஒன்பதரைக்கு எஸ்டேட் வாசலைத் தாண்டியதும் பெயிண்ட் கட்சியில் சேர்ந்துவிடுவேன்.

நான் சொல்ல வந்த நீலச் சீட்டை எழுதியவர் எங்கள் அலுவலகத்தில் சோதனை பார்க்கும் பெண்மணி. நாகர்கோவில் பக்கத்துக்காரர். நெமிலிச்சேரியில் குடியிருந்து, மின்சார ரயிலில் வந்து போகிறார். புதிய பதிப்பு வெளியே போவதற்கு முன் அதை எப்படியெல்லாம் கெடுக்க முடியும் என்று பார்ப்பது அவர் வேலை. அதை அவர் மிகுந்த பக்தியோடு செய்வார். அவருடைய சர்ச் பாடகர் குழு பட்டாபிராமில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவு செய்யப் போயிருந்தபோது, அங்கே இருந்த பதிவாளர் எங்கள் மென்பொருளை மூடாமலேயே பென் டிரைவை உருவி எடுத்ததைப் பார்த்திருக்கிறார். மறுநாள் அலுவலகத்தில் அதையே செய்து பார்த்தார். பதிவான பாட்டு, நீளம் பூஜ்யம் என்று காட்டியது.

விஷயம் இதுதான். ஒலிக்கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பிலும், உள்ளே எவ்வளவு நேரத்துக்குப் பாட்டு இருக்கிறது என்று ஒரு குறிப்பு உண்டு. எங்கள் மென்பொருள் பாட்டை உடனுக்குடன் பென் டிரைவில் எழுதிவிடும். தலைப்புக் குறிப்பை மட்டும் கடைசியில், மென்பொருளை மூடும்போதுதான் எழுதும். அதற்குள் பென் டிரைவை உருவிவிட்டால் பாட்டு முழுக்க உள்ளே இருக்கும், குறிப்பு மட்டும் இருக்காது. மூட்டை நிறைய அரிசி இருந்தும், மேலே கட்டிய அட்டையில் பூஜ்யம் கிலோ என்று இருந்தால் எடை போடாதவன் நம்பிவிடுவான் அல்லவா, அந்த மாதிரி.

அதைச் சரிசெய்ய ஒருநாள் வேலைதான். அந்தச் சீட்டின் கீழே நான் என் கைப்பட எழுதினேன்: ‘பயன்படுத்துபவர் தவறு. இப்படி யார் செய்வார்கள்?’ பிறகு அதை ‘பிறகு’ கட்டத்தில் ஒட்டினேன். ஒவ்வொரு பதிப்புக்கும் அவர் அதை எடுத்துவந்து நடுவில் வைப்பார், நான் வலது ஓரத்துக்குத் தள்ளுவேன். பதினோரு பதிப்புகள் இப்படியே போயின. பதினோராவது முறை நாங்கள் அதைவிட முக்கியமாகச் செய்துகொண்டிருந்தது துணைக்குரல் என்ற வசதி. ஒருவர் பாடினால் மென்பொருளே மேலும் இரண்டு குரல்களைச் சேர்த்துப் பாடும். ஜலதோஷம் பிடித்த மூன்று பேர் குளியலறையில் மாட்டிக்கொண்டது போலிருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வாடிக்கையாளர் போனை எடுக்கிறவர் விடுப்பு. மணி அடித்துக்கொண்டே இருந்ததால் நானே எடுத்தேன். பேசியவர் சென்னீர்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்.

“சார், பாட்டு கீது, ஆனா இல்ல,” என்றார்.

நான் தத்துவவாதி இல்லை என்பதால் விவரமாகச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதன் சுருக்கம் இது. பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், சொந்தமாக மார்க்கப் பாடல்கள் கட்டிப் பாடுகிறவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் பாடாமல் நிக்காஹ் விருந்து நிறையாது. தொண்டையில் ஏதோ கட்டி. வியாழக்கிழமை காலை ஆபரேஷன். குரல் பழையபடி வருமா என்று கேட்டதற்கு, முதலில் கட்டியை எடுப்போம் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் பாய் அவசர அவசரமாக மூன்று நாட்களில் ஒன்பது பாடல்களைப் பதிவுசெய்துவிட்டார். தாளமும் கீபோர்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், குரல் மட்டும் பத்திரமாக இருந்தால் போதும் என்று ஏற்பாடு. ஞாயிறோடு பாடி முடித்தாகிவிட்டது. ஆபரேஷன் வரைக்கும் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. இன்று பாய் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். போட்டுப் பார்த்தால் முதல் பாட்டு பூஜ்யம்.

மென்பொருளை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால், முதல் பாட்டின் கோப்பே காணோம். மைக்கில் கோளாறோ என்று இவர் அந்தப் பாட்டின் இடத்திலேயே ஐந்து நிமிடம் ஹலோ, ஒன் டூ த்ரீ என்று பதிவுசெய்து பார்த்திருக்கிறார். மென்பொருளை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால், முதல் பாட்டின் கோப்பே காணோம். இரண்டாவது பாட்டைத் திறந்தார். அதுவும் பூஜ்யம். அத்தோடு கை ஓடாமல் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

பூஜ்யம் என்று காட்டுவது எனக்குத் தெரிந்த கோளாறு. கோப்பு காணாமல் போனதுதான் புதிது. அதற்கும் காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது கோளாறே இல்லை, வசதி. இரண்டு பதிப்புகளுக்கு முன்னால் நானே யோசித்து, மஞ்சள் சீட்டில் எழுதி, முதலாளியிடம் பாராட்டு வாங்கிய வசதி. மென்பொருளை மூடும்போது, அப்போது திறந்திருக்கும் பாட்டின் கோப்புறையில் நீளம் பூஜ்யமாக இருக்கும் கோப்புகளை அதுவே துடைத்துப் போட்டுவிடும். தானியங்கித் துப்புரவு என்று அதற்குப் பெயர் வைத்ததும் நான்தான். தலைப்புக் குறிப்பு எழுதாமல் விட்டது ஒரு கை, குறிப்பு இல்லாததைக் குப்பை என்று பெருக்கியது இன்னொரு கை. இரண்டும் என் கை.

“இப்ப இன்னா பண்ணட்டும் சார்? மூடிட்டு, மிஷின அணைச்சுப் போடட்டா?”

பதினைந்து வருடமாக நாங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லிவந்த அறிவுரை அது ஒன்றுதான். மூடிவிட்டுத் திறங்கள், அணைத்துவிட்டுப் போடுங்கள். எங்கள் உதவிப் பிரிவின் மொத்த ஞானமும் அந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.

“மூடாதீங்க. எதையும் தொடாதீங்க. பென் டிரைவ மட்டும் அப்படியே புடுங்குங்க,” என்றேன்.

“அப்டியே புடுங்குனா கெட்டுப்பூடும்னு நீங்கதானே சார் புக்குல எழுதிக்கீறீங்க?”

“எழுதியிருக்கோம். நீங்க புடுங்குங்க.”

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, புடுங்கியாச்சு என்றார். நாங்கள் வருகிறோம், அதுவரை அதை எந்த மிஷினிலும் சொருகாதீர்கள் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். சோதனைப் பெண்மணி தன் மேசையில் மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் பேசிய பாதியிலிருந்தே மீதிப் பாதியை அவர் புரிந்துகொண்டுவிட்டார்.

என் காரில் கிளம்பினோம். பைபாஸ் ஏறி, வானகரத்தில் இறங்கி, வேலப்பன்சாவடி வழியாக லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தோம். திட்டுவதைவிட மோசமான விஷயம், திட்ட உரிமை உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கண்ணாடிக் கடைகளைப் பார்த்துக்கொண்டு வருவது.

“சொல்லிடும்மா, நான் அப்பவே சொன்னேன்ல சார்னு,” என்றேன்.

“நான் சொல்லல சார். எழுதியிருக்கேன். பதினோரு தடவை,” என்றார்.

அதற்குப் பிறகு நானும் கண்ணாடிக் கடைகளைப் பார்த்தேன். உண்மையில் அவருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. தலைப்புக் குறிப்பைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று அந்த வரியை முதன்முதலில் எழுதியவனே நான்தான், புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில். பக்கத்திலேயே, நேரம் கிடைக்கும்போது மாற்ற வேண்டும் என்று எனக்கு நானே குறிப்பும் எழுதியிருந்தேன். அதை வேலப்பன்சாவடி சிக்னலில் ஒப்புக்கொண்டேன். தெரியும் சார், அந்த வரியில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கிறது என்றார். போகப் போக எனக்கு ஒரு வீரக் கற்பனையும் வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு நான் விசைப்பலகை முன்னால் உட்காருகிறேன். அறை நிசப்தமாக இருக்கிறது. கோப்பின் உள்ளே ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, பாட்டைக் கையாலேயே மீட்டெடுக்கிறேன். என் வயதுக்காரர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றுவது இயல்புதான் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஸ்டுடியோ ஒரு அலுமினியக் கதவுக் கடையின் முதல் மாடியில் இருந்தது. கீழே ரம்பம் ஓடாத நேரமாகப் பார்த்துத்தான் மேலே பாட முடியும். உள்ளே போனதும் படுக்கையறைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தயங்கினேன். நாலு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரைக்கும் பஞ்சு மெத்தை அறைந்திருந்தது. சிவப்புப் பூ, நீலப் பூ, நடுவில் மயில். எல்லாம் பாய் கடை மெத்தை. வெளிச் சத்தம் வராமலிருக்கவும் உள்ளே எதிரொலிக்காமலிருக்கவும் அவரே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தாராம்.

பாய்க்கு என் வயதுதான் இருக்கும். ஓரத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எழுந்து நெஞ்சில் கை வைத்தார். பிறகு கைபேசியில் பெரிய எழுத்தில் தட்டிக் காட்டினார்: ‘நான் பேசக்கூடாது. மன்னிக்கவும்.’ மன்னிப்பு அந்தத் திசையிலிருந்து வந்ததும் எனக்கு நாக்கு எழவில்லை. அந்த அறையில் பேசக்கூடாதவர்கள் இருவர் ஆனோம்.

ஸ்டுடியோக்காரர் எங்கள் இருவருக்கும் சேர்த்துப் பேசினார். முன்பு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். பென் டிரைவைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஏன் மென்பொருளை மூடாமல் உருவுகிறீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரலில் பழைய சீட்டின் தொனி இருந்தது எனக்கே தெரிந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். சில வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் பதிவுசெய்த பாட்டு, வெளியிடுவதற்கு முன்பே எல்லார் கைபேசியிலும் சுற்றிவிட்டது. அதிலிருந்து இந்தப் பக்கத்து வாடிக்கையாளர்கள் தங்கள் பென் டிரைவைத் தாங்களே கொண்டுவந்து, அதிலேயே பதிவுசெய்யச் சொல்வார்கள். பாட்டு முடிந்த கையோடு, அவர்கள் கண்ணெதிரே உருவி, இரண்டு கையாலும் கொடுத்துவிட வேண்டும். மென்பொருளை மூடும் வரைக்கும் கூட அவர் காத்திருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் நகல் எடுத்துக்கொண்டானோ என்று சந்தேகம் வரும். தவிர, அதை மூடினால் திரும்பத் திறக்க நேரமாகிறது என்பதால், காலையில் விளக்கேற்றித் திறந்தால் கடை சாத்தும்போதுதான் மூடுவார். வழக்கமாக அன்றைக்கே தாளம் சேர்த்து முடித்த பாட்டைக் கொடுத்துவிடுவதால் இதுவரை பிரச்சினை வெளியே தெரியவில்லை. இந்த முறை வெறும் குரலை மட்டும் வாங்கிக்கொண்டு போனதால்தான் மாட்டிக்கொண்டோம்.

“இப்படி வேற யாராவது பண்றாங்களா?” என்று கேட்டேன்.

“இந்தப் பக்கம் எல்லாரும் அப்டித்தான் சார். வேலப்பன்சாவடில ஒருத்தரு தட்டுல வெச்சுக் குடுப்பாரு, வெத்தலபாக்கோட.”

யார் செய்வார்கள் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய கேள்விக்கு இப்படித்தான் பதில் கிடைத்தது. பாடி மேம்பாலத்துக்கு மேற்கே எல்லாரும்.

நான் சட்டைக் கையை மடித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காருவதற்குள் சோதனைப் பெண்மணி தன் மடிக்கணினியில் பென் டிரைவைச் சொருகி, அதில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டி, எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டு, ஒரு சின்னப் புரோகிராமை ஓட்டிவிட்டிருந்தார். போன வருடமே அதை எழுதிவைத்திருக்கிறார். கோப்பின் உண்மையான அளவைப் பார்த்து, தலைப்பில் சரியான குறிப்பை எழுதும் புரோகிராம். என் வீர கணம் சுமார் பத்து நொடி நடந்தது, அதில் எனக்குப் பங்கில்லை.

“இதை ஏன்மா என்கிட்ட காட்டல?”

“காட்டினேன் சார். துணைக்குரல் முடியட்டும்னு சொன்னீங்க.”

திரையில் எட்டு வரிகள் வந்தன. எட்டிலும் பூஜ்யம் போய் நிமிடக் கணக்கு வந்திருந்தது. ஆனால் நிமிடக் கணக்கு பாட்டாகிவிடாது. உள்ளே வெறும் இரைச்சல் இருந்தாலும் நிமிடம் காட்டும். ஸ்டுடியோக்காரர் ஒலிபெருக்கியில் இணைத்தார். யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மின்விசிறியை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். நாற்காலி நகரும் ஓசை. தூரத்தில் ஒரு லாரியின் ஹாரன், மெத்தைகளையும் தாண்டி. அப்புறம் அந்தக் குரல்.

எனக்கு இசை ஞானம் கிடையாது. இசை மென்பொருள் கம்பெனியில் பதினைந்து வருடம் குப்பை கொட்ட அது தேவைப்படவும் இல்லை. ஆனால் கீழே அலுமினியக் கடையில் ரம்பத்தை நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு, வலது கையைத் தொண்டையில் வைத்திருந்தார். ஒலிபெருக்கியில் குரல் மேலே போகும்போதெல்லாம் அந்த விரல்கள் லேசாக அழுந்தின. ஸ்டுடியோக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். தூசு ஒத்துக்கொள்ளாது என்று பிறகு எங்களிடம் சொன்னார். எனக்கும் அன்றைக்குப் பார்த்துத் தூசு ஒத்துக்கொள்ளவில்லை.

எட்டுப் பாட்டையும் தொடக்கம், நடு, முடிவு என்று போட்டுப் பார்த்தோம். எட்டும் முழுசாக இருந்தன. முதல் பாட்டைத்தான் மீட்க முடியவில்லை. சோதனைப் பெண்மணி முக்கால் மணி நேரம் போராடினார். துடைத்துப் போட்ட இடத்தில், ஸ்டுடியோக்காரரின் ஐந்து நிமிட ஹலோ ஒன் டூ த்ரீ மிகத் தெளிவாக, துல்லியமான ஒலித்தரத்தில் உட்கார்ந்திருந்தது. ஸ்டுடியோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அது உங்கள் தவறில்லை, எங்களுடையது, குறிப்பாக என்னுடையது என்று பாயிடம் சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு வந்த நீளமான மன்னிப்பு ஒன்றும் இருந்தது. அதை ஆரம்பிப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கைபேசியில் தட்டினார்: ‘போகட்டும். அதில் நான் சரியாகப் பாடவில்லை. சுருதி இறங்கிவிட்டது.’

ஸ்டுடியோக்காரர் எட்டிப் படித்தார். “பொய் சொல்றாரு சார். ஒம்போதுல அதான் டாப்பு. நான் பக்கத்துல கீறேன், எனக்குத் தெர்யாதா?”

பாய் அவரை முறைத்த முறைப்பைப் பார்த்தால், டாக்டர் உத்தரவு இல்லாதிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது நன்றாகவே புரிந்தது. பிறகு இன்னொரு முறை தட்டி என்னிடம் மட்டும் காட்டினார். ‘எட்டு போதும் சார். நேற்று வரைக்கும் ஒன்றும் இல்லாமல் இருந்தேன்.’

நேற்று வரைக்கும் அவரிடம் ஒன்பது இருந்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நான் அதைத் திருத்தவில்லை. கிடைத்த கருணையில் கணக்குப் பார்க்கும் அளவுக்கு நான் துணிந்தவன் இல்லை.

பாட்டுகளை மூன்று இடங்களில் நகல் எடுத்துக் கொடுத்தோம். பாய் மறுக்கவில்லை. கிளம்பும்போது, இந்தக் கோளாறைச் சரிசெய்து இந்த வாரமே புதிய பதிப்பு அனுப்புகிறேன் என்று ஸ்டுடியோக்காரரிடம் வாக்குக் கொடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“புச்சு வோணாம் சார். இதுல எது ஒடிஞ்சிக்கீதுன்னு எனுக்குத் தெரியும். புச்சுல எதுன்னு நான் எங்க போய்த் தேட்றது?”

பதினைந்து வருடத்தில் எங்கள் வேலையைப் பற்றி நான் கேட்ட மிக நேர்மையான விமர்சனம் அது. வீடியோக்காரர்கள் இதைச் சொன்னதே இல்லை. அதில் புதிதாக எதுவுமே இருக்காது, சத்தியம் என்றேன். எதுவுமே இல்லையா என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

அலுவலகம் திரும்பியதும் முதலாளியிடம் போனேன். துணைக்குரலை நிறுத்திவைக்க வேண்டும், தானியங்கித் துப்புரவை எடுத்துவிட வேண்டும், அடுத்த பதிப்பு முழுக்க நீலமாகத்தான் இருக்கும் என்றேன். அவர் கிட்டாரைக் கீழே வைத்தார், அது நல்ல அறிகுறி. விளம்பரத்தில் என்ன போடுவது என்று கேட்டார். ‘இந்தப் பதிப்பில் புதிதாக ஒன்றும் இல்லை’ என்று போடுவோம், உண்மைதானே என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பாயிடம் அனுமதி வாங்கிக் கொண்டுவந்திருந்த நாலாவது பாட்டை என் மடிக்கணினியிலிருந்து அரை நிமிடம் போட்டுக் காட்டினேன். முதலாளி முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு, சரி, போட்டுக்கோங்க என்று மட்டும் சொன்னார்.

என் பழைய வரியைத் திருத்துவதற்கு ஒரு நாள் ஆகும் என்று சொல்லிவந்தேன் அல்லவா, அரை நாள்தான் ஆனது. நானே உட்கார்ந்து எழுதினேன். சோதனைப் பெண்மணி அதில் மூன்று தவறு கண்டுபிடித்தார். அவரும் நெடுநாள் கழித்து உற்சாகமாக இருந்தார்.

வியாழக்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, கட்டி கெட்ட கட்டி இல்லை, பத்து நாள் பேசக்கூடாது, மற்றதெல்லாம் பிறகு என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். பிறகு என்ற வார்த்தையை ஒரு டாக்டர் வாயிலிருந்து கேட்பதில் அப்படி ஒரு நிம்மதி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அன்று மதியம் இரண்டு சாப்பாடு சாப்பிட்டேன்.

பதிப்பு வெளியானது. எந்த வீடியோவிலும் எங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. போன் மணியும் வழக்கத்தைவிடக் குறைவாக அடித்தது. முதல் வாரம், இணைப்பு போய்விட்டதோ என்று நானே கைபேசியிலிருந்து அலுவலக எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் பகலில், தெரியாத எண் ஒன்று. எடுத்ததும் மணல்மேல் தகரத்தை இழுப்பது போல ஒரு குரல், பேசறேன் சார் என்றது. யார் பேசுகிறார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அந்தக் குரலை ஒலிபெருக்கியில்தானே கேட்டிருக்கிறேன்.

“பேச்சு வந்துருச்சு சார். பாட்டு வருமான்னு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியுமாம்,” என்றார் பாய். “வரலன்னா போவுது. எட்டு இருக்கு.”

வரும் பாய், கட்டாயம் வரும் என்றேன். எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். பிறகு, மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். அந்த முதல் பாட்டு நிஜமாகவே சரியில்லையா?

“அவன் பாடின ஒன் டூ த்ரீக்கு அது எவ்வளவோ தேவல,” என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரிக்கத் தொடங்கி, அது இருமலாகி, நிற்காமல் போனது. போன் கைமாறும் சத்தம் கேட்டது. அவருடைய மனைவி பேசினார். அறுத்துத் தைத்த மனுஷனைச் சிரிக்க வைக்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் புத்தி இருக்கிறதா, இன்னும் ஒரு வாரத்துக்கு இந்த நம்பருக்குப் போன் போட்டால் நடப்பதே வேறு என்றார். கூப்பிட்டது அவர்தான் என்று நான் சொல்லவில்லை. சரிம்மா, சரிம்மா என்று முழுவதையும் வாங்கிக்கொண்டேன். அவர் திட்டிக்கொண்டிருக்க, பின்னால் பாய் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.